பழைய சிஸ்டத்துக்கு அடுத்து என்ன? உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்கு ஓர் ஓஎஸ் ஒப்பீடு

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது, வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அன்றிலிருந்து நம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ராமேஸ்வரம் என்று எந்தப் பக்கத்திலிருந்து யார் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான். "பழைய சிஸ்டத்துலயே வேற ஏதாவது போட்டு ஓட்டலாமா, இல்ல புதுசு வாங்கணுமா, வாங்குனா எது?" கேட்கிறவர்கள்தான் வேறு வேறு ஆட்கள். ஒருவர் மண்டபம் ஊரில் நண்டும் இறாலும் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புகிறவர், கணக்கெல்லாம் டேலியில். இன்னொருவர் இ-சேவை மையம் நடத்தும் அக்கா. மூன்றாமவர் மகனுக்குக் கல்லூரிக்கு ஒரு லேப்டாப் வேண்டும் என்று துபாயிலிருந்து போன் போடும் கீழக்கரை வாப்பா. இந்த மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்கிற கடைக்காரரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

எந்த ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) நல்லது என்ற சண்டைக்குள் நான் போகப் போவதில்லை. எல்லாமே ஓரளவு நல்லதுதான். பெட்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும், அதோடு என்னென்ன மாட்டியிருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் ஓஎஸ் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

## முதலில் பார்க்க வேண்டியவை

பெட்டியின் உடம்பு. பழைய கம்ப்யூட்டரில் ஒரு எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) மாட்டி, லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் போட்டால் இன்னும் ஐந்தாறு வருஷம் ஓடும் என்று இணையத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். மதுரையிலோ கோவையிலோ இருப்பவருக்கு அது சரி. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஜன்னல் திறந்தே கிடக்கும் கடையில், எட்டு வருஷம் உப்புக்காற்று குடித்த மெஷினுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து செம்பையும் இரும்பையும் அரிக்கும், மின்விசிறி அந்தக் காற்றை நாள் முழுக்க உள்ளே இழுத்துப் போர்டின் மேல் அடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே எந்த ஓஎஸ் என்று யோசிப்பதற்கு முன் ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பாருங்கள். யுஎஸ்பி ஓட்டைகளில் துரு, போர்டில் பச்சை பூத்திருப்பது, ரேமை எடுத்து ரப்பர் போட்டுத் தேய்த்தால்தான் ஆன் ஆகிறது என்ற நிலைமை, இதில் இரண்டு இருந்தால் அந்தப் பெட்டிக்கு இனிமேல் காசு போடாதீர்கள். உளுத்துப்போன வல்லத்துக்குப் புது இன்ஜின் எதற்கு? தேதி மட்டும் தானாகப் பின்னால் ஓடினால் பயப்பட வேண்டாம், போர்டில் இருக்கும் சின்னப் பட்டன் செல் தீர்ந்திருக்கும், மாற்றச் சில்லறைக் காசுதான் ஆகும். மாற்றாமல் விட்டால் பேங்க் தளங்கள் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்காமல் அடம்பிடிக்கும், நீங்கள் ஓஎஸ் மேல் பழி போடுவீர்கள்.

என்ன மாட்டியிருக்கிறது. பிரிண்டர், ரேகை மெஷின், பென்டிரைவ் மாதிரி இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், லாட்ஜில் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த பில்லிங் சாஃப்ட்வேர். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் உங்களுக்குச் சுதந்திரம் குறைவு, அவ்வளவுதான்.

தமிழ் எப்படி அடிக்கிறீர்கள். யூனிகோடா, இல்லை பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவா? தமிழ் 99 விசைப்பலகையா, தட்டச்சு முறையா, ஒலிபெயர்ப்பா?

நெட். ஃபைபர் இருக்கிறதா, போனிலிருந்து ஹாட்ஸ்பாட்டா? மூக்கையூர், வாலிநோக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் முக்கியத்துவத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

படுத்துவிட்டால் யார் எழுப்புவார். பக்கத்துத் தெருவில் ஒருவர் இருக்கிறாரா, ராமநாதபுரம் டவுனுக்குத் தூக்கிப் போக வேண்டுமா, மதுரைக்கா?

## விண்டோஸ் 10லேயே இன்னும் கொஞ்ச நாள்

இதையும் ஒரு தேர்வாகத்தான் எண்ண வேண்டும். பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்டே வழி வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அவர்களிடம் பேக்கப் ஆக விட்டால் இலவசம், அந்த பேக்கப் பிடிக்கவில்லை என்றால் 30 டாலர். வீட்டு உபயோகத்துக்கான ஏற்பாடு இது. அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் சுட்டி இருக்கும்.

யாருக்குச் சரி: புதுசு வாங்கப் பணம் திரட்டிக்கொண்டிருப்பவருக்கு. பெட்டி எப்படியும் சீக்கிரம் போய்விடும் என்று தெரிந்தவருக்கு. ஆனால் அந்த நீட்டிப்பும் இல்லாமல், "ஓடுதுல்ல, ஓடட்டும்" என்று அதே மெஷினில் ஊரார் ஆதார் எண்ணையும் பேங்க் வேலையையும் பார்ப்பது சரியில்லை. ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே அக்டோபர் 14 தான் கடைசி நாள் என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

## விண்டோஸ் 11

தொழில் செய்கிற பெரும்பாலானோர் கடைசியில் வந்து நிற்கும் இடம். காரணம் விண்டோஸ் மேல் பாசம் இல்லை. டேலி விண்டோஸுக்கு மட்டும்தான். ஆதார் ரேகை மெஷின்களுக்கான சாஃப்ட்வேர் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் வருகிறது. கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் அடிக்கிற டிடிபி கடைகளில் இன்னும் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 ஓடுகிறது, 2001இல் வந்த சரக்கு. இவர்களிடம் போய் லினக்ஸ் போடுங்கள் என்று சொல்வது நியாயமில்லை.

தகுதி என்று பார்த்தால் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, அப்புறம் பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐ5-8250 என்று இருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் 8தான் தலைமுறை. ஐ5-7200 என்றால் ஏழு, தேறாது. 10, 11, 12 என்று தொடங்கினால் அதுவே தலைமுறை. வெறும் "ஐ5 சார், சூப்பரா இருக்கும்" என்று கடையில் சொன்னால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, நாலாம் தலைமுறை ஐ5ம் ஐ5தான். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சின்னச் செயலியை ஓட்டினால் தேறுமா தேறாதா என்று அதுவே சொல்லிவிடும். தேறினால், ஒழுங்கான லைசென்ஸ் உள்ள விண்டோஸ் 10லிருந்து மாறுவது இலவசம். 4 ஜிபி என்று அவர்கள் சொன்னாலும் 8க்குக் கீழே போகாதீர்கள், டேலியும் குரோமும் சேர்ந்து திறந்தால் மெஷின் மூச்சு வாங்கும்.

இனி மறைவான செலவுகள்.

தகுதியில்லாத மெஷினிலும் விண்டோஸ் 11ஐப் போட வழி இருக்கிறது, கடைகளில் போட்டும் விற்கிறார்கள். ஓடும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை, வருஷா வருஷம் வரும் பெரிய பதிப்பு தானாக வராது, யாராவது கையால் ஏற்ற வேண்டியிருக்கும். மிகப் பழைய கோர் 2 டியோ காலத்து மெஷின் என்றால் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு (2024இல் வந்தது) ஸ்டார்ட்டே ஆகாது. பழைய செகண்ட்ஸ் லேப்டாப்பை "விண்டோஸ் 11 போட்டது" என்று சொல்லி விற்றால், முதலில் அந்த ஐ5க்குப் பின்னால் இருக்கும் எண்ணைக் கேளுங்கள்.

அடுத்தது நம் கடற்கரைக்கு முக்கியமானது, கடைகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக ஓஎஸ் ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. திறக்க 48 இலக்கச் சாவி, அது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் இருக்கும். ஹோம் பதிப்பு ஏற்றும்போது நெட்டும் கணக்கும் கேட்கும் என்பதால், கடைப் பையன் அவசரத்துக்கு ஏதோ ஒரு மெயில் ஐடி உருவாக்கிப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறான். ரெண்டு வருஷம் கழித்து உப்பு அரித்துப் போர்டு போகிறது. முன்பெல்லாம் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இப்போது மாட்டினால் சாவி கேட்கும். அந்த மெயில் ஐடி யாருடையது என்று யாருக்கும் தெரியாது, ரெண்டு வருஷ டேலி கணக்கு கண் முன்னால் இருந்தும் எடுக்க முடியாது. ஆகவே உங்கள் சொந்த ஐடியில் போடச் சொல்லுங்கள், அந்தச் சாவியை அச்செடுத்துப் பீரோவில் வையுங்கள்.

பழைய டாட் மேட்ரிக்ஸ் இன்னும் வைத்திருக்கும் ஐஸ் பிளான்ட், மீன் கம்பெனிக்காரர்களுக்கு ஒன்று: புது மெஷின்களில் அந்த அகலமான பேரலல் போர்ட் அநேகமாக இருக்காது. கன்வெர்ட்டர் கேபிள் வாங்க வேண்டும், அது ஒத்துவருகிறதா என்று கடையிலேயே பில் அடித்துப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால், 32 பிட் டிரைவர் மட்டும் இருக்கும் பழைய ஸ்கேனர், பிரிண்டர் எல்லாம் கழிவுதான்.

புதுசு வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்கு, கம்பெனிகள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை லேப்டாப்கள், திங்க்பேட், லேட்டிட்யூட் வகைகள், சென்னை ரிச்சி தெருவிலும் மதுரையிலும் கிடைக்கின்றன. நிலவரம் மாறிக்கொண்டே இருக்கும், என்றாலும் 20,000 ரூபாய்க்கு முன்பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேம், எஸ்எஸ்டி விலை 2025 கடைசியிலிருந்து ஏறுமுகம், ஆகவே ரேம் ஏற்கெனவே 8 அல்லது 16 இருப்பதாகப் பார்த்து எடுங்கள். ஏசி அறையில் இருந்து வந்த மெஷின் என்பது நமக்கு ஒரு கூடுதல் லாபம், உள்ளே துரு இருக்காது.

## லினக்ஸ்

எனக்குப் பிடித்தது இதுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன்.

நம் மாவட்டத்தில் லினக்ஸ் புதுசு இல்லை. 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது, சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. முக்கால்வாசிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அது வேறு கதை. அந்த லேப்டாப்கள் இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 பக்கம் போகவே முடியாது. அவற்றுக்கு லினக்ஸ் மின்ட் என்ற வகை, அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போடுங்கள். 2 ஜிபி ரேமிலேயே ஏறும், 4 இருந்தால் நிம்மதி. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, காசில்லை, லைசென்ஸ் சாவி இல்லை, ஆன்டிவைரஸ் சந்தா இல்லை.

தமிழ் விஷயத்தில் லினக்ஸ் பலரும் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாக தமிழ் 99, தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு எல்லாம் கிடைக்கும். தமிழ் அடிக்கப் பலர் பயன்படுத்தும் என்எச்எம் ரைட்டர் விண்டோஸில் மட்டும்தான், அதில் பழகியவர்களுக்கு ஒரு வாரம் விரல் தடுமாறும். பாமினியில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால் கவலை வேண்டாம், எழுத்துருக் கோப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டால் லிப்ரேஆஃபீஸில் திறக்கும், பாமினி விசை மனப்பாடமாக இருப்பவர் அதிலேயே அடிக்கவும் செய்யலாம். ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவம் போர்த்திய எழுத்துரு அது, ஓஎஸ் எதுவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

எங்கே இடிக்கும்? முதலில் பிரிண்டர். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் இருக்கும் கேனான் எல்பிபி 2900ஐ லினக்ஸில் ஓட்டுவது பொறுமைக்காரர் வேலை. எச்பி லேசர்ஜெட் 1020க்குத் தனியாக ஒரு ப்ளகின் (துணை மென்பொருள்) இறக்க வேண்டும், அதன் பிறகு ஓடும். எப்சன் இங்க் டேங்க் வகைகள் பெரும்பாலும் தொல்லை தராது. டேலியை வைன் (விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸில் ஓட்டிப் பார்க்கும் கருவி) வழியாக ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், மார்ச் 31 இரவில் அது நின்றுபோனால் வந்து உட்காரப் போகிறவர் அவர் இல்லை. ஜிஎஸ்டி, வருமான வரித் தளங்கள் பிரவுசரில் ஓடும். தனி உரிமையாளராக இருந்தால் ஓடிபி வைத்தே ஜிஎஸ்டி தாக்கல் செய்துவிடலாம், டோக்கன் தேவையில்லை. கம்பெனியாகப் பதிந்திருந்தால் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம், அந்த டோக்கன்களோடு லினக்ஸில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

மறைவான செலவு என்றால் ஆள்தான். ராமநாதபுரத்தில் நீங்கள் மெஷினைக் கொண்டுபோனால், லினக்ஸைப் பார்த்ததும் "இதத் தூக்கிட்டு விண்டோஸ் போட்டுரவா?" என்றுதான் பத்தில் ஒன்பது பேர் கேட்பார்கள். வீட்டில் ஒரு பிள்ளையாவது ஆர்வமாக இருந்தால் இந்தச் செலவு இல்லை. இன்னொன்று, போடுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொடாது. வைஃபை, பிரிண்டர், சத்தம் மூன்றையும் அப்படியே சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

## குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ்

கூகுள் பழைய மெஷின்களுக்காக இலவசமாகத் தருவது. 4 ஜிபி ரேம், 16 ஜிபி இடம் போதும். பிரவுசர் மட்டும்தான் வாழ்க்கை என்பவருக்கு அருமை. ராமேஸ்வரத்தில் சின்ன லாட்ஜ் வைத்து ஆன்லைன் புக்கிங் மட்டும் பார்ப்பவர், மெயில், யூடியூப், வாட்ஸ்அப் வெப் மட்டும் போதும் என்கிற பெரியவர்கள். கெடுக்க முடியாது, வைரஸ் பயம் அநேகமாக இல்லை, தமிழ் 99ம் ஒலிபெயர்ப்பும் உள்ளேயே இருக்கின்றன. ஆனால் ஆண்ட்ராய்டு செயலிகள் இதில் வராது. காசு கொடுத்து வாங்கும் குரோம்புக்கில் வரும், ஃப்ளெக்ஸில் வராது, இந்த வித்தியாசம் தெரியாமல் போட்டுவிட்டுத் திட்டுகிறவர்கள் உண்டு. புயல் எச்சரிக்கை வந்து ரெண்டு நாள் நெட் போனால் பாதி வேலை நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

## மேக்

சுருக்கமாகவே சொல்கிறேன். ஆப்பிளின் எம்4 மேக் மினி 16 ஜிபி ரேமோடு 2024 கடைசியில் 59,900 ரூபாய்க்கு வந்தது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் தனி. வேகம், ஆயுள், தமிழ் எல்லாம் நன்றாக இருக்கும், தமிழ் 99ம் அஞ்சல் என்ற ஒலிபெயர்ப்பு விசைப்பலகையும் கூடவே வரும். வீடியோ எடிட்டிங் செய்கிற ஸ்டுடியோக்காரருக்கும், கோடிங் படிக்கிற, வீட்டில் வசதி இருக்கிற பிள்ளைக்கும் தாராளமாக வாங்கலாம். டேலிக்காரருக்கும் இ-சேவைக்கும் வேண்டாம். மேக்புக்கில் டிஸ்க் போர்டோடு ஒட்டியது, உப்பு போர்டைத் தின்றால் உள்ளிருப்பதும் சேர்ந்தே போகும், ரிப்பேருக்கு மதுரைக்காவது போக வேண்டியிருக்கும். பழைய இன்டெல் மேக் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது தந்தால் வாங்காதீர்கள், 2025இல் வந்த மேக் ஓஎஸ் டாஹோதான் அவற்றுக்குக் கடைசிப் பதிப்பு.

## ஒரே பார்வையில்

| | பழைய பெட்டியில் போகுமா | டேலி, ரேகை மெஷின் | நெட் குறைவான இடம் | பழுது பார்க்க ஆள் |
|---|---|---|---|---|
| விண்டோஸ் 10 நீட்டிப்பு | இருக்கிறபடியே | ஓடும் | பரவாயில்லை | எங்கும் |
| விண்டோஸ் 11 | எட்டாம் தலைமுறை முதல் | ஓடும் | பெரிய அப்டேட்கள் டேட்டாவைத் தின்னும் | எங்கும் |
| லினக்ஸ் மின்ட் | பெரும்பாலும் | ஓடாது என்றே வையுங்கள் | அப்டேட்டை நீங்கள் நினைத்தபோது இறக்கலாம் | வீட்டில் ஒருவர் வேண்டும் |
| குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் | பெரும்பாலும் | ஓடாது | கஷ்டம் | தேவையே குறைவு |
| மேக் | புதுசுதான் | ஓடாது | பரவாயில்லை | மதுரை |

முதலில் சொன்ன மூவருக்கும் என் பதில்: மண்டபத்துக்காரருக்கு எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட மெஷினும் விண்டோஸ் 11ம், வேறு யோசனையே வேண்டாம். இ-சேவை அக்காவுக்கும் அதேதான், ஆனால் பழைய பெட்டி துருப்பிடிக்காமல் இருந்தால் அதில் மின்ட் போட்டு, பக்கத்தில் வைத்து, விண்ணப்பம் நிரப்பவும் அச்செடுக்கவும் வைத்துக்கொள்ளலாம், கூட்டமான நாளில் கை கொடுக்கும். கீழக்கரை வாப்பா மகன் என்ன படிக்கப் போகிறான் என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும். பி.காம் என்றால் விண்டோஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் விண்டோஸ் லேப்டாப் வாங்கி அதிலேயே லினக்ஸையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளட்டும், அதை அவனே போடட்டும், பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

## எப்போது மாற்றுவது

படகுக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு மீன்பிடித் தடைக்காலத்தைவிட நல்ல நேரம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில், கணக்குப்பிள்ளைக்கும் மூச்சு விட நேரம் இருக்கும். இ-சேவைக்காரர்களுக்கு நேர் எதிர், மே, ஜூனில் சாதி, வருமானச் சான்றிதழ்களுக்குப் பள்ளி கல்லூரிப் பிள்ளைகள் வரிசை கட்டுவார்கள், அந்த நேரத்தில் மெஷினில் கை வைக்காதீர்கள்.

மாற்றுவதற்கு முன் டேலியின் டேட்டா ஃபோல்டர், எழுத்துருக் கோப்புகள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், டோக்கனுக்கான டிரைவர், இந்த நான்கையும் வெளி டிஸ்க்கில் எடுத்து, இன்னொரு மெஷினில் திறந்து பாருங்கள். எடுத்தோம் என்று நினைப்பது வேறு, திறப்பது வேறு. பழைய சிஸ்டத்தை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். அதற்காகக் கடைக்காரர் ஐநூறோ ஆயிரமோ குறைத்தாலும் குறைக்கட்டும், ஊரில் பாதிப் பேருடைய ஆதார் நகல் அதற்குள்தான் இருக்கிறது.